படத்தில் மாமாவின் என்ஜின் இல்லை

வாடிக்கையாளர் லிஃப்டில் ஏறிவிட்டதாக வரவேற்பறையிலிருந்து போன் வந்தபோது, திரையில் மாமாவின் என்ஜினைக் காணவில்லை.

மருமகள் வரைபடக் கருவியை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். எந்த நிரல் எதை நம்பிப் பிழைக்கிறது என்று பெட்டியும் அம்புமாக வரைந்து காட்டும் கருவி அது. வெளியார் ஆயத்தமாக எழுதி வைத்த அடிப்படை நிரல்களான ஃபிரேம்வொர்க்கையெல்லாம் கழித்துவிட்டு, சொந்தமாக எழுதியதை மட்டும் காட்டினால்தான் ஒப்பந்தம் என்று வாடிக்கையாளர் கறாராகச் சொல்லியிருந்தார். இதுவும் கைநழுவினால் மாமனாரும் மருமகளும் நடத்தும் கம்பெனிக்குப் பூட்டுதான். அவள் கழித்தாள். அவள் எழுதிய ஐந்து சின்னப் பெட்டிகள் மிஞ்சின. தினமும் சாப்பாட்டு மேஜையில் சோறு ஆறும்வரை மாமனார் தானே எழுதியதாகப் புகழ்பாடும் என்ஜின் நிரல், வெளியாரோடு வெளியாராகப் போய்விட்டது.

"எங்கம்மா என் என்ஜின்?" மாமா டையை இறுக்கியபடி கேட்டார்.

"ஃபைலுக்கு ஃபைல் ஃபிரேம்வொர்க் பேருதான் இருக்கு மாமா. நீங்க எழுதினதா, எடுத்ததா?"

"எடுத்து... செதுக்கினேன்."

"எங்க செதுக்கினீங்க?"

"மேல என் பேரப் போட்டேன்ல! அத மட்டும் உள்ள விடும்மா."

விட்டாள். என்ஜின் தனியாக வரவில்லை. அது நம்பியிருந்த அத்தனை உருப்படிகளும் பின்னாலேயே வந்தன. ஒருவரைக் கூப்பிட்டதற்கு ஊரே பந்தியில் உட்கார்ந்த கதை. திரை அம்புகளால் கறுத்தது. ஐந்து பெட்டிகளும் அடியில் நசுங்கிப் போயின.

"பாத்தியா, என்ன பிரம்மாண்டம்!"

"இதுல நம்மது எதுன்னு கேட்டா என்ன மாமா சொல்வீங்க?"

லிஃப்ட் மணி அடித்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிழல் நெருங்கியது. அவள் என்ஜினுக்குக் கொடுத்த விதிவிலக்கை அழித்தாள்; மறுபடி ஐந்து பெட்டிகள் மட்டும் நின்றன.

"ஏம்மா, நான் உன் மாமனாரு!"

"தெரியும் மாமா. அதான் என்ஜின மட்டும் கழிச்சேன்."

வாடிக்கையாளர் உட்காரவில்லை. திரையையே பார்த்தார். "போன்ல பத்து தடவ சொன்னீங்களே, அந்த என்ஜின் எங்க?"

மாமா டையைத் தளர்த்தினார். "அஸ்திவாரம் சார். வெளிய தெரியுமா?"

"ஓ, அஸ்திவாரம்னா அந்த ஃபிரேம்வொர்க்தானா? இலவசமாக் கிடைக்குதே. எங்ககிட்டயும் இருக்கு."

வாடிக்கையாளரின் விரல் ஐந்து பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டது.

"இதுதான் எங்கயும் கிடைக்கல. யார் எழுதினது?"

அவள் வாய் திறக்குமுன் மாமா முன்னால் வந்து, ஒப்பந்தத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"எங்க மருமக சார். பையனுக்குப் பொண்ணு பாத்தது நான்தான்."