கழுத்துக்குக் கீழே

தம்பியின் உள்ளங்காலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி, ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள் அக்கா. "என் தையல் கடைக்கு மேல்மாடிங்க. கடை பூட்டியிருக்கும், பக்கத்துப் படியில ஏறி வாங்க."

"வேணாம்க்கா" என்றான் தம்பி. நெஞ்சில் சளி கொரகொரத்தது. இரும முடியாத உடம்பில் சளி ஏறினால் இறங்காது.

அவன் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்ததில் கழுத்து முறிந்து, உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கிப்போனது. அதற்குப் பிறகு கையும் காலும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. வாய்க்கொழுப்பு மட்டும் குறையவில்லை. "மேலேருந்து நான் ஆர்டர் போட்டுக்கிட்டேதான் இருக்கேன், கீழ ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டேங்கறான்" என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்வான். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர்கள் விழிப்பார்கள்.

ஆனால் உள்ளங்காலைத் துடைத்தால் கட்டைவிரல் நிமிரும். சில நாள் முழங்காலும் மடங்கும். முதல் தடவை அதைப் பார்த்து அக்கா போட்ட கூச்சலில், கீழே துணி கொடுக்க வந்தவர்கள் மேலே ஓடிவந்துவிட்டார்கள்.

"நீதானேடா அசைச்சே?"

"ஆமாக்கா."

பயிற்சி கொடுக்க வந்த பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "மூளை போடுற உத்தரவு கழுத்திலேயே நின்னுடுதும்மா. இது கீழ்த் தண்டுவடம் தானா செய்யறது. நீங்க தொட்டது அங்க போய், அங்கிருந்தே திரும்பி வந்து காலை இழுக்குது. அவருக்குத் தெரியவே தெரியாது." அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அவனே ஆமாங்கறான், இல்லேன்னு சொல்ல நீ யாரு?" என்று கேட்டு, அன்றோடு அவளை நிறுத்திவிட்டாள்.

அந்த ஒரு 'ஆமா'வை நம்பித்தான் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் அவன் தொண்டையில் குழாய் இறக்க வைத்தாள். போதும் என்று அவன் கெஞ்சும்போதெல்லாம், "கால் வந்துக்கிட்டிருக்கு, இப்பப் போய் விட்டுடுவேனா?" என்பாள். அதற்கு மேல் அவன் வாய் திறக்கமாட்டான்.

இன்று திறந்தான். "மறுபடி குழாய் வேணாம்க்கா. இங்கேயே இருந்துடறேன்."

"சும்மா இரு." துணியை அழுத்தி இழுத்தாள். கட்டைவிரல் விறைத்து நிமிர்ந்தது. "இதோ பாரு! இப்பவும் நீதானே?"

தம்பி அவள் முகத்தையே பார்த்தான். தலையணையிலிருந்து அவனுக்குத் தெரிந்தது அதுதான்.

"இப்பத் தொட்டியாக்கா?"

அக்காவின் கை அப்படியே நின்றது.

"அப்போ அன்னைக்கு ஆமான்னியே?"

"நீ சிரிச்ச." மூச்சு வாங்கினான். "நான் விழுந்தப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்ச. ஒரு நாளைக்குத்தானேன்னு நெனச்சேன்."

அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அறைந்தாலும் தெரியாத இடம்தான் அவனிடம் அதிகம். அவனை இத்தனை நாள் வதைத்தது தான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஈரத்துணியைக் கீழே போட்டாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கதவைப் பாதி திறந்தாள்.

"பேஷன்ட் யாரும்மா?" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

"நான்தான். சரியாயிடுச்சு, போங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். அக்கா ஸ்டூலைக் கால்மாட்டிலிருந்து எடுத்துத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள்.

"உனக்கு எங்கதான்டா தெரியும்?"

"புருவம். காலைலேருந்து அரிக்குது."

"சொல்றதுக்கென்ன?"

"நீ கால்ல மும்முரமா இருந்தியே."

அவள் நகநுனியால் புருவத்தை மெல்லச் சொறிந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அங்கதான்" என்றான். பிறகு, "இன்னும் கொஞ்சம்." மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவள் கையை எடுக்கவில்லை.

வெயில் சாய்ந்தபோது கீழே யாரோ கடைக் கதவைத் தட்டினார்கள். "தைச்சாச்சாம்மா?"

அவன் மூச்சு நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

"இதோ முடிஞ்சிடும், கொஞ்சம் இருங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, அக்கா மற்றொரு புருவத்துக்கு விரலை மாற்றினாள்.