அரைப்பேருக்கு மொழிபெயர்ப்பதில்லை

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். மாணவர் நலன், உலகக் கற்கை ஆகியவை பற்றி “வாசித்தால் மனம் நிறைகிற மாதிரி” ஒரு கதை வேண்டுமாம். எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடாதீர்கள். மலைநாட்டுப் பதுளையில் எனக்குத் தோதான இடத்தில் நானே ஒன்றைக் கட்டிக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பனி மூடிய மலைச்சரிவில், கூடை சுமந்த ஓர் ஏழைத் தாயின் கண்ணீரில் மலர்ந்த மொட்டு

மொட்டாவது மண்ணாங்கட்டியாவது. இந்தக் கதையில் வரும் ஜெசிந்தினி இதை வாசித்தால் வீடு தேடி வந்து சண்டை பிடிப்பாள். வாக்கியத்தை முடிக்கவில்லை, அழிக்கவும் இல்லை. மலைநாடு என்றதும் பேனா எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

ஜெசிந்தினி மூன்றாம் வருடம் சமூகவியல் படிக்கிறாள். அம்மா றீட்டா தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார். கண்ணீர் விடுகிற மனுஷி அல்ல, வாய்க்காரி.

அந்த வருடம் வெளிநாட்டு மாணவர்கள் சிலர் தோட்ட வாழ்க்கையைப் படிக்க வந்தார்கள். அவர்களைத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கூட்டிப் போனது ஜெசிந்தினியும் அவளோடு படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரும். அவர்களுடைய கேள்வியைத் தமிழில் கேட்டு, பெண்கள் சொன்னதை ஒலிப்பதிவு செய்து, அதை ஆங்கிலமாக்கிக் கொடுத்ததும் அவள்தான். வந்தவர்களுக்கு அது ஒரு பாடம், பட்டத்தில் சேரும். அவளுக்கு ஒரு நன்றிச் சான்றிதழும் ஒரு டீ-ஷேர்ட்டும்.

டீ-ஷேர்ட் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் அடுத்த தவணை அந்த நாட்டுக்குப் போய்ப் படிக்க ஓர் இடம் இருந்தது. இந்தப் பாடத்தை முடித்த மாணவர்கள்தான் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஜெசிந்தினி பாடத்தை முடித்தவள் இல்லையாம், முடிக்க உதவியவளாம்.

3

[துஷ்யந்தியைப் பற்றி ஒரு சந்தேகம்.]

துஷ்யந்தி மாணவர் நலப் பிரிவுக்குப் பொறுப்பானவர். வெளிநாட்டு மாணவர்கள் வந்துபோகும் இந்த உலகக் கற்கையை நடத்துவதும் அவர்தான். பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் சண்முகராஜாவின் மகள். இவரை ஒரு கெட்ட மனுஷியாக்கிவிட்டால் என் வேலை சுலபம். இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன், ஒட்டவில்லை. ஜெசிந்தினிக்கு விடுதியில் இடம் வாங்கித் தந்தது இவர்தான். காய்ச்சலில் கிடந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்ததும் இவர்தான். நல்லவரோடு மோதுவதுதான் பெரிய தலைவலி.

“மிஸ், நாங்களும் அதே வேலையைத்தானே செஞ்சோம். எங்க பேரையும் பாடத்துல சேர்த்துடுங்க.”

“அது அவங்க யுனிவர்சிட்டி பக்கத்து ஒப்பந்தம், ஜெசி. இந்த வருஷம் இப்படிப் போகட்டும். உங்களுக்கும் நல்ல அனுபவம்தானே?”

“அனுபவம் அவ்வளவு நல்லதுன்னா அவங்களுக்கும் அதையே குடுங்களேன் மிஸ்.”

துஷ்யந்திக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பேர் சேரவில்லை.

4

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் சம்பளக் கணக்கில் ஒரு பேர் போடுவார்கள். சொன்ன எடைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைச் சம்பளம்.* அன்றைக்கு அரைப்பேர்தான் என்று கணக்கப்பிள்ளை கறாராகச் சொன்னால், றீட்டாவின் கூட்டம் கொழுந்தைக் கொடுக்காமல் நிறுக்கிற மடுவத்திலேயே உட்கார்ந்துவிடும். சாக்குக்குள் கொழுந்து சூடேறும். தோட்டத்துத் துரைக்கு அதைவிடச் சூடேறும். பிறகு பேர் முழுசாகிவிடும்.

*ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் தராசில் கழிக்கிற எடையும் இந்தக் குறைச்சலில் சேர்த்தி. மலர்க்குழு இந்த அடிக்குறிப்பை எடுக்கச் சொன்னால், கதையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகத்தையும் மடுவம் என்று நினைக்க அந்த லயத்துப் பிள்ளையால்தான் முடியும். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்:

“ஒலிப்பதிவெல்லாம் என்கிட்டதாம்மா இருக்கு. குடுக்க மாட்டேன்.”

றீட்டா அரிசி களைந்துகொண்டிருந்தார். “கொழுந்து தோட்டத்துக்காரனோடது, புடிச்சு வச்சா அவனுக்கு நட்டம். இது நாங்க பேசுனது புள்ள. நாலு பேர் கேக்கட்டும்னுதான் பேசுனோம். அதைப் புடிச்சு வைக்க நீ யாரு?”

ஜெசிந்தினிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா சொன்னது சரி என்பதால் கொஞ்சம் கூடவே வந்தது. சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். பதுளை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எது யாருடையது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே போனாள். பேச்சு அந்தப் பெண்களுடையது. ஆங்கிலம் அவளுடையது.

5

பாடத்தின் நிறைவு நாள். மேடையில் பீடாதிபதி, வெளிநாட்டு மாணவர்கள், துஷ்யந்தி. லயத்துப் பேச்சை ஆங்கிலத்தில் சொல்ல மேடைக்கு அழைக்கப்பட்ட ஜெசிந்தினி ஒலிப்பதிவை ஓடவிட்டாள், தமிழிலேயே. லயத்துப் பெண்களின் குரல்கள் மண்டபம் முழுக்கக் கேட்டன. பின்வரிசையில் தோட்டத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

உங்களுக்கு என்ன ஆசை என்று ஜெசிந்தினியின் குரல் கேட்கிறது. றீட்டாவின் குரல் பதில் சொல்கிறது:

“ஆசையா? இந்தா நிக்கிதே, எல்லாத்தையும் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டு, இது எம் மகதான். காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. இதுக்கு முழுப்பேர் போடுறீங்களா, அரைப்பேரா? அதை மொதல்ல சொல்லுங்க.”

ஆங்கிலமாக்கியபோது கூச்சத்தில் இந்த இடத்தை மட்டும் அவள் விட்டிருந்தாள். இப்போது விடவில்லை. பின்வரிசை சிரித்தது. தமிழ் தெரியாத பீடாதிபதிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஜெசிந்தினியும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள்:

“எங்களைப் பாடத்தில் சேருங்கள் சேர், பிறகு சொல்கிறேன். அதுவரை அவர்கள் பேசட்டும்.”

மைக்கை மேசையில் வைத்துவிட்டு மேடைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெளிநாட்டில் படிக்கக் கிடைக்கலாம் என்றிருந்த அந்த ஓர் இடமும் இந்த நிமிடத்தோடு போனாலும் போகலாம். பீடாதிபதி பின்வரிசையைப் பார்த்தார். தமிழ் தெரிந்த பிள்ளைகள் ஒருவரும் மொழிபெயர்க்க எழும்பவில்லை. அவர் துஷ்யந்தியைப் பார்த்தார்.

6

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) துஷ்யந்தி மைக்கை எடுத்து அழகாக மொழிபெயர்க்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஜெசிந்தினி தரையில் இருக்கிறாள். மலர்க்குழு கேட்பது இதைத்தான்.

(ஆ) துஷ்யந்தி எழும்பாமல் இருக்கிறார். பீடாதிபதி மனம் இளகி அங்கேயே பேர்களைச் சேர்த்து, எல்லோருக்கும் தேநீர்

போதும். அப்படி இளகுகிற பீடாதிபதியை எனக்கு எழுதத் தெரியாது. ஜெசிந்தினி அவர் இளகுவார் என்று நம்பி உட்காரவும் இல்லை.

துஷ்யந்தி என்ன செய்தார் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த மண்டபத்தில் இன்னும் ஓர் ஆளை நான் கணக்கில் எடுக்கவில்லை. நீங்கள் இவ்வளவு தூரம் தமிழில் வாசித்துவிட்டீர்கள். றீட்டா கேட்டது ஒரு சொல் விடாமல் உங்களுக்குப் புரிந்திருக்கிறது. இப்போது பீடாதிபதி உங்களைத்தான் பார்க்கிறார். மைக் மேசையில் இருக்கிறது. கீழே, ஜெசிந்தினிக்குப் பக்கத்தில், இன்னோர் ஆள் உட்கார இடமும் இருக்கிறது.