மதுரைவீரன் கூட்டிய பெற்றோர் கூட்டம்

எல்லோரும் சௌக்கியமா? மழைக்காலத்துச் சளியும் முழங்கால் வலியும் தேவலையா? பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா? படிப்பு என்று வந்துவிட்டால், அம்பத்தூர் ஏரிக்கரைப் பக்கம் இருந்த சின்ன மிஷன் பள்ளிக்கூடத்தில் ஞானசௌந்தரி டீச்சர் பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அது எண்பத்தாறாம் வருஷம். டீச்சர் அப்போதுதான் தலைமையாசிரியை ஆகியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்த கையோடு அவர் செய்ய நினைத்த முதல் காரியம், ரேங்க்கை எடுத்துவிடுவது. ரேங்க் கார்டு கொடுக்கிற நாளில் கடைசி பெஞ்சுக்கு மொத்தமாக வயிற்றுவலி வந்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்து டீச்சருக்கே வெறுத்துவிட்டது. மார்க் இருக்கட்டும், யார் முதல் யார் கடைசி என்ற வரிசை வேண்டாம். அந்த இடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எது நன்றாக வரும் என்று எழுத ஒரு பெரிய கட்டம். இதுதான் அவருடைய புதுக் கார்டு.

பள்ளித் தாளாளர் ஆரோக்கியசாமி ஃபாதருக்கு அதில் அரை மனசுதான்.

"பெத்தவங்களக் கூப்பிட்டுக் கேளுங்க டீச்சர். அவங்க சரின்னா சரி. இல்லன்னா பழைய கார்டுதான்," என்றார்.

டீச்சர் நோட்டீஸ் எழுதினார். 'மாணாக்கரின் முழுமையான ஆளுமை வளர்ச்சியைக் கருத்தில் கொண்ட புதிய மதிப்பீட்டு முறை குறித்துப் பெற்றோருடன் கலந்துரையாடல்' என்று ஆரம்பித்தது. ஒரே மூச்சில் படிக்க முடியாது. பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினார். கூட்டத்துக்கு வந்தது டீச்சர், ஃபாதர், வாட்ச்மேன். மறுநாள் பள்ளி வாசலில் வடை சுடும் வேம்புலியம்மாள் அந்த நோட்டீசிலேயே இரண்டு வடையை மடித்து டீச்சரிடம் நீட்டினாள். அவள் கைக்கு அது எந்த வீட்டிலிருந்து வந்ததோ.

"தாளு நல்லா கீது டீச்சர். எண்ணெய சும்மா இஸ்துக்குது. இன்னும் இருந்தா குடு."

ஃபாதர் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி பாப்போம். அப்பவும் வரலன்னா விட்டுடணும்," என்றார்.

வேம்புலியம்மாளுக்கு மதுரைவீரன் என்று ஒரு மகன். அதே பள்ளியில் படித்தவன். ஐந்து வருஷமும் கடைசி ரேங்க்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவன். இப்போது ரிக்‌ஷாவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, பக்கத்து ஊரான பாடியில் இருந்த டென்ட்டுக் கொட்டகைக்குப் பட விளம்பரம் சொல்லித் திரிந்தான்.

"நோட்டீஸ எவன் படிக்கிறான்? எம் பையனாண்ட சொல்லு, தெருத்தெருவா கத்திகினு வருவான். அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும்," என்றாள் வேம்புலியம்மாள்.

சனிக்கிழமை மத்தியானம் மதுரைவீரன் கிளம்பினான். சாயந்திரம் நாலு மணி, மிஷன் பள்ளிக்கூடம், பெற்றோர் அனைவரும் வருக என்று டீச்சர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னான். ஆனால் வருஷக்கணக்காகச் சினிமா சொல்லிப் பழகிய வாய். முடிக்கிற இடம் வந்ததும் அது தன் வழியே போய்விட்டது.

"உங்கள் மிஷன் பள்ளிக்கூடம்... இன்றே கடைசி, இன்றே கடைசி. காணத் தவறாதீர்கள்."

நாலு மணிக்குப் பள்ளி மைதானம் கொள்ளவில்லை. பாடி ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்தவர்கள் காக்கிச் சட்டையோடு வந்தார்கள். உலையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் துலுக்கானம் நின்றான். லேத் பட்டறையில் வேலை, மகள் நாலாம் வகுப்பு.

"இன்னா டீச்சர், இஸ்கூல இழுத்து மூடறீங்களாமே? எம் பொண்ண எங்க சேக்கறது? முகப்பேர் கான்வென்ட்ல போய் இங்கிலீஷ் பேசவா?"

"டி.சி.யையாவது இன்னிக்கே குடுத்துடுங்க," என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "மூடறோம்னு யாரு சொன்னது?"

கூட்டம் மொத்தமும் ரிக்‌ஷாவைக் கை காட்டியது. மதுரைவீரன் மெல்ல ஸ்பீக்கருக்குப் பின்னால் நகர்ந்தான்.

நடந்தது விளங்கியதும் ஒரே சிரிப்பு. "கடைசி ரேங்க்காண்ட மைக்க குடுத்தா வேற இன்னா ஆவும்? வாங்கப்பா போலாம்," என்று துலுக்கானம் திரும்பினான். அவன் போனால் பாதிக் கூட்டம் பின்னாலேயே போய்விடும். ஃபாதர் வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்தால் பழைய கார்டுதான்.

டீச்சர் புடவையைச் செருகிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறி மைக்கை வாங்கினார்.

"துலுக்கானம், நில்லுப்பா. போன தடவ நான் நோட்டீஸ் அனுப்பினேனே, ஏன் வரல?"

"அது இன்னாமோ கோர்ட்டு காயிதமாட்டம் இருந்துச்சு. ஊட்டுக்காரி பயந்துகினு பரண்மேல போட்டுட்டா."

"ட்ரெயினிங் படிச்ச நான் கூப்பிட்டா ஒருத்தரும் வரல. இவன் கூப்பிட்டான், உலைய இறக்கிட்டு ஓடி வந்திருக்கீங்க. இவன் குரலு அப்படி. இங்க அஞ்சு வருஷம் படிச்சானே, அது எந்தக் கார்டுலயாவது இருந்துச்சா? ரேங்க்க மட்டும் எழுதி அனுப்பினோம். இனிமே ரேங்க்க எடுத்துட்டு இதை எழுதப்போறோம். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். பள்ளிக்கூடம் எங்கயும் போகல."

துலுக்கானம் தலையைச் சொறிந்தான். "அப்ப எம் பொண்ணுக்கு இன்னா எழுதுவீங்க? அதுக்குக் கணக்கு சுத்தமா வராதே."

"கணக்கு மார்க் கார்டுல இருக்கும், அதுல தப்பிக்க முடியாது. ஆனா கிளாஸ்ல சண்ட வந்தா ரெண்டு பக்கமும் கேட்டுத் தீத்து வைக்கிறது அவதான். அதையும் எழுதுவேன்."

"ஊட்லயும் அதேதான் டீச்சர். எனக்கும் அவங்கம்மாவுக்கும் பஞ்சாயத்தே அதான் பண்ணுது."

பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. பிறகு எம் புள்ளைக்கு இன்னா எழுதுவீங்க என்று ஆளாளுக்கு ரிக்‌ஷாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஃபாதர் கட்டியிருந்த கையைப் பிரித்துக்கொண்டு வந்தார்.

"அச்சுக்குக் குடுத்துடுங்க டீச்சர்."

எல்லோரும் போன பிறகு மதுரைவீரன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்: "டீச்சர், புதுக் கார்டு வந்தா எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க. எங்கம்மாவாண்ட காட்டணும்."

டீச்சர் மறக்கவில்லை. பெரிய கட்டத்தில், 'இவன் கூப்பிட்டால் ஊரே வரும்' என்று எழுதிக் கொடுத்தார். அதில் வேம்புலியம்மாள் வடை மடிக்கவில்லை. சட்டிக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் படித்துக் காட்டச் சொன்னாள்.

சரி, உங்கள் ரேங்க் கார்டில் டீச்சர் எழுதாமல் விட்டது எது? உங்களுடையதோ, உங்கள் வீட்டுப் பிள்ளையுடையதோ, ஒரு நாலு வரி எழுதிப் போடுங்களேன்.