இடக்கைப் பிடி

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பொன்னாத்தாள் அதை எடுத்தாள். அவள் புருஷன் மோகனசுந்தரம் மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது, மூச்சு இல்லை. வயலுக்குத் தண்ணீர் விடப் போன மனுஷன் மோட்டாரைப் போடவே இல்லை.

கத்திக் கூப்பிடுவதற்கு முன் அந்தச் சாமானை முந்தானையில் சுற்றி மறைத்துக்கொண்டாள். ஏன் மறைத்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

டாக்டர் வந்து மாரடைப்பு என்றார். கொழுந்தன் குப்பண்ணன் ஆள் அனுப்பினான், பந்தல் போட்டான், நல்லேப்பிள்ளி முழுக்கச் சேதி போயிற்று. சேலை மாற்றிக்கொள்ள உள் அறைக்குப் போனபோதுதான் அதை வெளிச்சத்தில் பார்த்தாள். மருந்தடிக்கிற டேங்கின் பழைய அலுமினியக் குழாயில் ஒரு சாண் வெட்டியது. கனம் குறைய நெடுக ஓட்டை போட்டிருந்தார். விரல்களை மூடுகிற மாதிரி, நீல டிரம் பிளாஸ்டிக்கைச் சுட்டு வளைத்து ஒரு கூடு. உள்ளே செருப்பு ரப்பர் ஒட்டியிருந்தது. குழாய் மேல் எம்சீல் பசை பூசி, ஈரத்திலேயே யாரையோ பிடிக்கச் சொல்லியிருக்கிறார். விரல் பதிந்த தடம் கல்லாக இறுகியிருந்தது.

மெலிந்த விரல்கள். பொம்பளைக் கை.

அவள் வலக்கையில் பிடித்துப் பார்த்தாள், சேரவில்லை. இடக்கை ஓரளவு பொருந்தியது. பெருவிரல் மட்டும் உட்காரவில்லை. அந்தத் தடம் கோணலாக வெளிப்பக்கம் போயிருந்தது.

நாலைந்து மாதமாகவே அவளுக்கு ஒரு கணக்கு ஒத்துப்போகவில்லை. சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, பூவம்பழச் சீப்பைப் பையில் வைத்துக்கொண்டு சித்தூர் பஸ் ஏறுவார். கேட்டால் விவசாய ஆபீஸில், கிருஷி பவனில், விதை நெல் விஷயம் என்பார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். விதை நெல்லுக்கு அப்படித் தெளியுமா என்று அவள் கேட்டதில்லை.

பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒவ்வொருத்தியின் இடக்கையையும் இழுத்துப் பிடித்துப் பெருவிரலைத் தடவினாள். பாவம், பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டாள் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

கிருஷி பவனில் வேலை பார்க்கும் புஷ்பமேரி வந்தபோது பொன்னாத்தாளின் முதுகு நிமிர்ந்தது. அவள் கையை விடாமல் பிடித்துப் பார்த்தாள். தடித்த குட்டை விரல்கள். நல்ல மனுஷன், ஒரு வருஷமாக ஆபீஸ் பக்கமே காணோமே என்று நினைத்திருந்தேன் என்றாள் புஷ்பமேரி.

அதற்கப்புறம் பொன்னாத்தாளுக்கு அழுகை வரவில்லை. கண்ணை மூடிக் கிடந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார்கிட்டப் போய்ட்டு வந்தே என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

வெயில் ஏறியபோது வாசலில் சத்தம் கேட்டது. மகள் கிருத்திகா வந்திருந்தாள். சித்தூரில் களரி நடத்தும் ஜிதினைக் கட்டிக்கொண்டு போனவள். அவளோடு ஒரு வார்த்தை பேசினாலும் என் பிணத்தைத்தான் பார்ப்பாய் என்று மோகனசுந்தரம் பொன்னாத்தாளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். மகளிடமிருந்து போன் வரும்போதெல்லாம் பொன்னாத்தாள் அதை எடுக்காமல், அடித்து ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

குப்பண்ணன் குறுக்கே நின்றான். "அண்ணன் இருந்த மட்டும் இந்த ஊட்டுப் படி ஏற உடல. இப்ப மட்டும் எப்படி?"

எல்லோரும் பொன்னாத்தாளைப் பார்த்தார்கள்.

"உடுங்க. வரட்டும்."

ஜிதின் உள்ளே வரவில்லை. பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டான். கிருத்திகா அப்பாவின் காலைப் பிடித்து அழுதுவிட்டு, தயங்கித் தயங்கி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பொன்னாத்தாள் பழக்கதோஷத்தில் அவள் இடக்கையை எடுத்தாள். பெருவிரல், ஒடிந்து கூடிய எலும்பாய், வெளிப்பக்கம் கோணியிருந்தது.

கையை விடாமலே எழுந்து மகளை உள் அறைக்குக் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தினாள். பெட்டிக்குள்ளிருந்து அதை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். விரல்கள் தானாக மூடிக்கொண்டன. தடத்துக்கும் கைக்கும் நடுவே மயிரிழை இடமில்லை.

"என்ன இது?"

"கேடயத்துக்குப் பிடிம்மா. களரியில வாளும் கேடயமும் பழகறப்ப அடி வழுக்கி வந்து விரல் ஒடிஞ்சு போச்சு. பழைய இரும்புப் பிடி செம கனம், கைக்கு மறைப்பும் இல்ல. இனிமேட்டு உன்னால முடியாதுன்னுட்டாங்க. அப்பாதான், நான் லேசாச் செஞ்சு தாரேன்னாரு. மொதல்ல செஞ்சது ரெண்டும் கனமாப் போச்சு. இது பாருங்க..." அவள் மணிக்கட்டைத் திருப்பினாள். அது இறகு மாதிரித் திரும்பியது. "நாளைக்கு மாட்டிப் பாக்கலாம்னு சொல்லியிருந்தாரு."

"உன்ற ஊட்டுக்கா வந்தாரு?"

"ஆமா. பழமெல்லாம் கொண்டுட்டு வருவாரு."

பொன்னாத்தாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்னையக் கூட்டீட்டு வரணும்னு தோணலையா அவருக்கு?"

கிருத்திகா தலை குனிந்தாள்.

"நான் கேட்டேம்மா. 'உங்கம்மா வைராக்கியக்காரி, உன்ற பேரெடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவா, கொஞ்ச நாள் போகட்டும்'னாரு. போனு பண்ணுனாலும் நீங்க எடுக்க மாட்டீங்க. அதனால நானும் நம்பிட்டேன்."

பொன்னாத்தாள் வாயைத் திறந்தாள். வெளியே ஒப்பாரி ஒரு சுற்று உயர்ந்து தணிந்தது. அவள் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, காலையில் ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

கதவைத் தட்டினான் குப்பண்ணன். "அண்ணி, வாய்க்கரிசி போடணுமுங்க. நேரமாகுது."

பொன்னாத்தாள் வெளியே வந்தாள். அரிசித் தட்டை நீட்டினார்கள். பெண்கள் அவள் விழுந்து கதறுவதற்காக விலகி இடம் கொடுத்தார்கள்.

"இருங்க" என்றாள்.

புருஷனைத் திரும்பிப் பாராமல் பிணத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பந்தல் ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்தாள். சாணி தெளித்த வாசல் நெடுக இழுத்துக்கொண்டு போய், வெயிலில் நின்றவன் பக்கத்தில் போட்டாள்.

ஜிதின் உட்காரத் தெரியாமல் நின்றான். அவன் உட்காருகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள்.