பயணம் சொல்லிவிட்ட நாகேந்திரம்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் லேன் ஒன்றில், மூன்றாம் மாடியிலிருந்த நாகேந்திரத்தின் பிளாட்டுக்குள் மட்டும் மாசி மாதத்தில் பனி கொட்டியது. வெளியே வழக்கமான வெயில், வழக்கமான பஸ் இரைச்சல். அவர் மனைவி பத்மாவதி அப்போது புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். ஹோல் முழுக்க வெள்ளையாகக் கிடக்கக் கண்டு, மா பறக்கிறதாக்கும் என்று ஃபானை நிறுத்தினாள். அப்போதும் கொட்டியது. நாகேந்திரம் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "மா இல்லையப்பா, ஸ்னோ" என்றார்.

எல்லாம் அவர் பயணம் சொன்னதால் வந்த வினை. வெளிநாடு போகிறவர் புறப்பட முதல் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வது எங்கள் ஆட்களின் வழக்கம். விசா கிடைத்த பிறகு சொல்வது எங்கள் ஆட்களிலும் மூளையுள்ளவர்களின் வழக்கம். ஒஸ்லோவில் இருக்கும் மகள் மேனுகா ஒரு மாதம் வந்து நில்லுங்கள் என்றதும் மனிதரின் கால் நிலத்தில் நிற்கவில்லை. விசாவுக்குக் கொடுத்த கையோடு பயணம் சொல்லத் தொடங்கிவிட்டார். லேனில் ஒரு கதவு மிச்சமில்லை. கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் தன்னோடு வேலை செய்த வலன்ரைனிடம் சொல்லக் கொட்டாஞ்சேனைக்கும் போனார். "பனிச்சறுக்கு, கப்பல் மியூசியம், நீராவிக் குளியல், போட் பயணம், மலை ஏற்றம், எல்லாம் பிள்ளை புக் பண்ணிப்போட்டாள்" என்று கேக் தின்றபடி அளந்தார். வலன்ரைன் ஒரு பழைய குளிர்க்கோட்டைத் தந்தார். கூடவே, ஒஸ்லோவிலிருக்கும் தன் மகனுக்கென்று ஒரு பொதி மிளகாய்த்தூளையும் தலையில் கட்டிவிட்டார்.

விசா மறுக்கப்பட்டது. திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லையாம். களனிக்குப் போனாலே இராச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுகிற மனிதரைப் பற்றி அப்படிச் சொன்னார்கள்! புறப்படுவதாகப் பயணம் சொல்லியிருந்த நாளில் அவர் யன்னல்சீலைகளை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே பதுங்கினார். பத்மாவதி தனியே மீன் வாங்கப் போய், கேட்டவர்களுக்கெல்லாம் "ஓம், சுகமாப் போய்ச் சேர்ந்திட்டார்" என்றாள். வெட்கம் பெரிய வெட்கம்தான். ஆனால் நெஞ்சைப் பிடுங்கியது வேறு. பிள்ளை சின்னவளாக இருந்த காலம் யுத்தமும் செக்பொயின்றுமான காலம். தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக்கூட அவளைக் கூட்டிப்போகப் பயந்து "பிறகு பாப்பம், பிறகு பாப்பம்" என்றே அவளை வளர்த்து விமானமேற்றிவிட்டார். அவள் போனில் சொல்லியிருந்தாள்: "இந்தமுறை நான் உங்களைக் கூட்டிக்கொண்டு திரியிறன், அப்பா." அதை நினைக்கும்போதெல்லாம் அவர் குளியலறைக்குள் போய், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

புக் பண்ணியதை ரத்துச் செய்ய முடியாதென்று மேனுகா தனியாகவே போய்வந்தாள். சொன்ன பயணம் சும்மா கிடக்காது. ஆளை எடுக்காவிட்டால் இடம் புறப்பட்டு வந்துவிடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் சறுக்கப் போன சனிக்கிழமைதான் ஹோலில் பனி கொட்டியது. மியூசியத்துக்குப் போனபோது அலுமாரியிலிருந்து பழங்காலக் கப்பலொன்றின் மூக்கு நீட்டிக்கொண்டு நின்றது. சேட் எடுக்க அதன்மேல் ஏறவேண்டியிருந்தது. நீராவிக் குளியலுக்குப் போன நாளில் வீடு அவிந்தது, கொழும்பில் அதை யார் கவனிக்கிறார்கள்! போட் பயணத்தின்போது இரண்டு அறைகளுக்கும் நடுவே கரும்பச்சைத் தண்ணீர் ஓடியது. ஃபிரிட்ஜ் பக்கம் ஒரு கடல்நாய் தலைதூக்கி, மீன்குழம்பை மணந்து பார்த்து, உறைப்பென்று விட்டுவிட்டுப் போனது.

இதில்தான் அவர் பிடிபட்டார். கீழ்மாடி பைறோஸா மேலே ஏறிவந்து கதவைத் தட்டினாள். குரங்குத்தொப்பியோடு திறந்தவரைக் கண்டு திகைத்து நின்றாள்.

"அங்கிள், எங்கட கட்டில்ல ஐஸ் தண்ணி ஒழுகுது. நீங்க நோர்வே போகல்லயா?"

"போனனான். அங்கதான் நிக்கிறன்" என்றார்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அப்ப சரி" என்று வாளி கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினாள். பிறகென்ன, லேனே திரண்டு வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்த ஒவ்வொருவரும் கேட்ட முதற்கேள்வி, "சொக்லேட் இல்லையே?" கேள்விப்பட்டுக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த வலன்ரைனுக்கு மட்டும் கோபம். "என்ன மச்சான், நோர்வே இஞ்ச நிக்குது, என்ர மகன்ர மிளகாய்த்தூளும் இஞ்சதான் நிக்குது!"

நாகேந்திரம் சிரிக்கவில்லை. நாடு வந்தது, கடல்நாய்கூட வந்தது, பிள்ளை வரவில்லையே என்று பிளாஸ்டிக் கதிரையில் குந்தியிருந்தார்.

கடைசியாக மிஞ்சியது மலை ஏற்றம். அந்தச் சனிக்கிழமை குசினிச் சுவர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சரிவு மேலே போனது, இரு பக்கமும் மரங்கள். "விழுந்தால் தூக்க என்னாலை ஏலாது, சொல்லிப்போட்டன்" என்றாள் பத்மாவதி. அவர் சாரத்தை மடித்துக் கட்டி, கோட்டை மாட்டி, பாட்டாச் செருப்போடு ஏறினார். மூச்சு வாங்கிப் பாதி தூரம் போயிருக்கும்போது போன் அடித்தது. மேனுகா.

"அப்பா, எங்க நிக்கிறியள்?"

"ஏன் பிள்ளை?"

"இந்தப் பாதையில ஒருத்தரும் இல்லை. எனக்கு முன்னால பனியில பாட்டாச் செருப்படி ஏறிப் போகுது."

"அது நான்தான். ஓடி வராதை, வழுக்கும். நான் நிக்கிறன், நீ ஆறுதலா வா" என்றார். சொன்னபடியே நின்றார்.

பின்னேரம் இறங்கி வந்து, ஈரச் சாரத்தைப் பிழிந்து பல்கனியில் காயப்போட்டார்.

"பிள்ளை நல்லா மெலிஞ்சுபோனாள்" என்றார்.

"அங்க ஒழுங்காச் சாப்பிடமாட்டாள் எண்டு நான் சொன்னனான்தானே" என்று சொல்லிவிட்டுப் பத்மாவதி சோற்றைப் போட்டாள்.