மூன்று விநாடிப் பெயிண்ட்

அந்தக் கணினி விளையாட்டை நான் விளையாடாத மாலை கல்லூரிக் காலத்தில் கிடையாது. ஒரு முழு நகரமே நம் கையில் இருக்கும். பிடித்த காரின் கதவைத் திறந்து, ஓட்டுகிறவரை இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். போலீஸ் துரத்தினால் திரையின் மூலையில் நட்சத்திரம் மின்னும். பெயிண்ட் கடைக்குள் நுழைந்து நிறத்தை மாற்றினால் போதும், மூன்றே விநாடியில் நட்சத்திரம் காணாமல் போகும். போலீஸும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அவ்வளவு பெருந்தன்மையான அரசாங்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு இனிக்கிறது.

போன மாதம் மாமனார் தன் வெள்ளைக் காரின் சாவியை நீட்டினார்.

"ஒரு வாரம் கீறல் விழாம ஓட்டிக் காட்டுங்க மாப்பிள்ளை. அப்புறம் வண்டி உங்களுக்குத்தான்."

பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கியே அலுவலகம் போய் அலுத்தவன் நான். அந்தக் கார் எனக்கு வேண்டும்.

இரண்டாம் நாளே சிக்னலில் டங்கென்று ஒரு சத்தம். நிமிர்ந்தால், முன்னால் நின்ற போலீஸ் ஜீப்போடு என் பம்பர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கினார். எனக்குக் கண்ணில் நட்சத்திரம் தெரிந்தது. வண்டியைப் பின்னால் எடுத்து, பக்கத்துச் சந்தில் புகுந்து பறந்தேன். கை தானாகவே என்னை ஒரு பெயிண்ட் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தியது.

"என்ன கலர் சார்?" என்றார் பெயிண்டர்.

"வெள்ளை தவிர எதுன்னாலும் சரி. மூணு செகண்ட்ல முடியுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு நாள் ஆகும்."

ஏழாம் நாள் பட்டறையிலிருந்து நேராகக் கரும்பச்சைக் காரில் மாமனார் வீட்டுக்குப் போனேன். வாசலில் மாமாவும், அந்த வாரம் அங்கே தங்கியிருந்த என் மனைவியும் காரையே உற்றுப் பார்த்தபடி நின்றார்கள். கூடவே அந்த ஜீப் போலீஸ்காரர். நம்பர் பலகையை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தாராம். விளையாட்டில் ஒரு போலீஸும் அதைப் படித்ததே கிடையாது.

"சார், அன்னைக்கு எங்க ஜீப்தான் பின்னாடி உருண்டு உங்க வண்டியில இடிச்சிடுச்சு. மன்னிப்புக் கேக்கலாம்னு இறங்கினா நீங்க பறந்துட்டீங்க." சொல்லிக்கொண்டே காரைச் சுற்றி வந்தவர் நின்றார். "பதிவுல வெள்ளைன்னு இருக்கே. கலர் மாத்த அனுமதி வாங்கினீங்களா?"

வாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வந்த மனிதர் அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். செய்யாத குற்றத்துக்குப் பயந்து, பாடுபட்டு ஒரு குற்றத்தைச் செய்திருந்தேன். விளையாட்டுக் கதை முழுவதையும் மாமாவிடம் ஒப்பித்தேன்.

அவர் சாவியை வாங்கி மகளிடம் கொடுத்தார். "வண்டி உனக்குத்தாம்மா. மாப்பிள்ளை பக்கத்து சீட்ல வரட்டும்." பிறகு என்னிடம் திரும்பினார். "உங்க விளையாட்டுல பக்கத்து சீட்ல ஆள் இருப்பாங்களா?"

"இருப்பாங்க மாமா. போலீஸ் வந்தா அலறிக்கிட்டு ஓடிடுவாங்க."

"அப்ப பெல்ட்டை மாட்டிக்கிட்டு உக்காருங்க," என்றாள் மனைவி, வண்டியைக் கிளப்பியபடி. "இவ்வளவு நாளும் நீங்க வண்டியை ஓட்டல, போலீஸைப் பார்த்து ஓடத்தான் செஞ்சீங்க."