ஜெபக் குறிப்பு

பயிற்சி மையத்தில் அவளுக்கு டிகிரி என்றுதான் பெயர். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் தான்தான் என்று சேர்ந்த அன்றே சொல்லித் தொலைத்தாள், ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தாலே தித்திப்பதால் அறைத்தோழிக்குச் சர்க்கரை. இரண்டு வருடமாக இருவருக்கும் ஒரே அறை, ஒரே மேசை, ஒரே நினைப்பு: மலைச் சனங்களிடம் ஊழியத்துக்குப் போகவேண்டும்.

மலைமொழி கற்றுக்கொடுக்க அங்கிருந்தே ஓர் அக்கா வருவார். அந்த மொழியில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் ஒரு மூச்சுதான் வித்தியாசம். சர்க்கரைக்கு அது பிடிபடவே இல்லை. ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக, “நம்ம பாவங்களை மன்னியும் ஆண்டவரே” என்று மலைமொழியில் ஜெபித்துவிட்டாள்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏம்மா, உங்க சாமியும் கூட்டு சேர்ந்தா தப்பு பண்ணாரு?”

அன்றிலிருந்து டிகிரியே தனி நோட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்தாள். முதல் பக்கத்தில் அந்த இரண்டு வார்த்தைகள்.

“எங்க, ‘நாம போறோம்’ சொல்லு.”

சொன்னாள்.

“இப்ப ‘நாங்க போறோம்’.”

“அது எதுக்குடி? நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே போறோம்!”

அந்தச் செல்லத்தில் மயங்கித்தான் ஒரு சாயங்காலம் டிகிரி மனதில் கிடந்ததைக் கொட்டினாள். “சில நாள் ஜெபம் பண்றப்ப, அந்தப் பக்கம் ஆளே இல்லாத மாதிரி இருக்குடி.”

சர்க்கரை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். உனக்காக ஜெபிக்கிறேன்.”

மலைக்குப் போகிறவர்களை அறிவிக்கும் அன்று காலை, இயக்குநர் ஐயா டிகிரியைத் தன் அறைக்கு அழைத்தார். மேசைமேல் ஒரு தாள். சர்க்கரையின் உருண்டைக் கையெழுத்து. ‘ஜெபக் குறிப்புகள்’. மூன்றாவது வரி: ‘என் அறைச் சகோதரியின் அவிசுவாசத்துக்காக. அந்தப் பக்கம் ஆளே இல்லை என்கிறாள்.’ மலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்த ஏழு பேரும் ஒரு வாரமாக இதைக் கையில் வைத்து ஜெபித்திருக்கிறார்கள்.

“ரொம்பப் பாரத்தோட எழுதியிருக்காம்மா. நீ அடுத்த வருஷம் போகலாம்.”

“எனக்குப் பதிலா அவகூடப் போறது யாரு ஐயா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் அண்ணன் பொண்ணு.”

வாயால் சொன்னால் புறணி, தாளில் எழுதிக் கொடுத்தால் ஊழியம். டிகிரிக்குக் காது சுட்டது. விறுவிறுவென்று அறைக்கு நடந்தாள்.

சர்க்கரை பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உன் நல்லதுக்குத்தான்டி. மலையில போய் நீ தடுமாறக் கூடாதுல்ல? நாங்க வெள்ளிக்கிழமை கிளம்புறோம்.”

நாங்க. மலைமொழியில் இரண்டு வருடம் நாக்கில் நிற்காத வார்த்தை, இன்று தமிழில் பிசிறில்லாமல் வந்து விழுந்தது.

“அப்புறம்... அந்த நோட்டு. உனக்கு இப்பத் தேவைப்படாதே?”

டிகிரி மேசை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தை மட்டும் கிழித்து, மடித்து வைத்திருந்த புடவைமேல் போட்டாள்.

“இதை நான் சொல்லித்தர வேண்டாம். நல்லாவே வருது உனக்கு.”

“மீதி?”

நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள் டிகிரி.

“அதுக்கு ஒரு ஜெபக் குறிப்பு எழுதிப் போடு.”